பூஞ்சணமும் துறவி நண்டும்

மலைநாட்டாருக்கு ஈரத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொட்டகலையிலே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி உலர்வதில்லை. தோற்செருப்பிலே வெண்பூப் படர்கின்றது. புத்தக மட்டையிலே புள்ளி விழுகின்றது. கடற்கரைக்குச் சென்ற பிள்ளைகள் துறவி நண்டொன்றைக் கொணர்ந்து கண்ணாடித் தொட்டியில் வளர்த்தால், அங்கும் சில நாட்களில் அதே வெண்பூ தோன்றிவிடுகின்றது. அதனை நீக்கும் வகை யாது?

துறவி நண்டின் பின்னுடல் மென்மையானது. ஆதலால் அது நத்தை, சங்கு முதலியவற்றின் வெற்றோட்டினுள் புகுந்து, அவ்வீட்டைச் சுமந்தே திரிகின்றது. தரையில் வாழ்ந்தாலும் செவுள்களாலேயே மூச்சுவிடுகின்றது. செவுள் உலர்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே தொட்டியினுள் வெப்பமும் ஈரக்காற்றும் வேண்டும். ஏறக்குறைய 4000 அடி உயரத்துக் குளிரிலே இவை இயல்பாகக் கிடைப்பதில்லை. தொட்டியை மூடிச் சூடேற்றுகின்றார்கள், கண்ணாடியிலே நீர் வியர்க்கின்றது, பூஞ்சணம் செழிக்கின்றது. நண்டுக்கு மூச்சாக இருக்கும் ஈரமே பூஞ்சணத்துக்கும் உயிராக இருக்கின்றது. இதுதான் சிக்கல்.

பூஞ்சணத்தோடு போராடுவது தோட்டத்தாருக்குப் புதிதன்று. 1869 ஆம் ஆண்டு இலங்கையிலே கண்ட இலைத்துரு நோய், கோப்பிப் பயிரையே வீழ்த்தியது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையை 1946 இல் கொப்புள நோய் தாக்கியது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்தனர். நிழல் மரங்களின் கிளைகளைத் தறித்து வெயிலைப் புகவிடுவதும், செம்பு சேர்ந்த மருந்தைத் தெளிப்பதும் தோட்டங்களிலே வழக்கமாயின.

தோட்டத்திற் கண்ட இவ்விரு வழிகளையும் நண்டுத் தொட்டியிற் கையாளலாகாது. தொட்டியை வெயிலில் வைத்து உலர்த்தினால் நண்டின் செவுள் உலரும். செம்பு மருந்தோ நண்டினத்துக்குக் கொடிய நஞ்சு. தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து ஒரு சிட்டிகை கொணர்ந்து தூவினாலும் பூஞ்சணத்தோடு நண்டும் மாளும். தேயிலைச் செடியின் கவ்வாத்துக் குச்சிகளைத் தொட்டியில் வைப்பதும் இதனாலேயே தகாது. அவற்றில் மருந்து படிந்திருக்கக் கூடும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? ஈரத்தை அகற்ற முடியாதெனில் பூஞ்சணத்தின் உணவை அகற்ற வேண்டும். பழத்துண்டு, மீன், சோறு ஆகியவற்றைச் சிறிதளவே மாலையில் வைத்து, மிஞ்சியதை மறுநாட் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். நண்டு உணவை மணலிற் புதைப்பதுண்டு. அதையும் தேடி எடுத்தல் நன்று. பூத்த கட்டையை வெளியே எடுத்து, தேய்த்துக் கழுவி, கொதிநீரில் வேகவைத்து, ஆறியபின் திரும்ப வைக்கலாம். சோப்பு வேண்டாம். புதுக்கட்டையிலே முதற் சில வாரங்கள் தோன்றும் மெல்லிய வெண்படலம் பெரும்பாலும் தீங்கற்றது. துடைத்துவரத் தானே குறையும்.

மணல், பிடித்தால் உருண்டை நிற்குமளவு நனைந்திருந்தாற் போதும். அடியிலே நீர் தேங்கலாகாது. நன்னீர், கடல்நீர் ஆகிய இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும். மூடியை நாள்தோறும் சற்று நேரம் திறந்து பழங்காற்றை வெளியேற்றலாம். நெடுநேரம் திறந்து வைத்தலாகாது.

மணல் முழுவதும் நாறினால் அதனை மாற்றவே வேண்டும். ஆயினும் முதலில் நண்டு எங்கே என்று பார்த்தல் அவசியம். தோலுரிக்கும் காலத்தில் நண்டு மணலுக்குள் புதைந்து பல வாரங்கள் அசைவின்றிக் கிடக்கும். புதிய மேலோடு இன்னும் இறுகாத அந்நிலையில், துப்புரவு செய்வதாக எண்ணி மணலைக் கிளறுவோர் அதனைக் கொன்றுவிடுகின்றனர். செத்துவிட்டது என்று எண்ணி எறிந்துவிடுவோரும் உளர். அக்காலத்தில் மணலின் மேற்புறத்தை மட்டும் துடைத்துக்கொண்டு பொறுத்திருத்தலே முறை.

இத்தனை பாடும் ஏன் என்று கேட்கத் தோன்றலாம். இந்நண்டின் குஞ்சுகள் கடல்நீரிலேயே வளர்வன. தொட்டியிலே இனம் பெருகுதல் மிக அரிது. ஆகவே வீட்டுத் தொட்டியிலுள்ள நண்டு ஏறக்குறைய எப்போதும் கடற்கரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகவே இருக்கும். கையில் உள்ளதை இவ்வண்ணம் பேணிக் காத்தல் கடமை. இனிமேல் கரைக்குச் செல்லும் பிள்ளைகள் கண்டு களித்து, அங்கேயே விட்டு வருதல் அதனினும் சிறந்தது.