கம்பியும் காற்றும்

(மீஞ்சூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கம்ப்யூட்டரை வீட்டில் சர்வரா வச்சிருக்கேன் சார். அதுல வைஃபை கிடையாது. ரூட்டர் கீழே, சர்வர் மாடியில. வாடகை வீடு, சுவத்துல துளை போட விடமாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?" இது மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இன்று அதையே பேசுவோம்.

சர்வர் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மெஷின். அதற்குக் கம்பிதான் நல்லது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு ஓரமாக இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

முடியாவிட்டால் 'பிரிட்ஜ்' பெட்டி ஒன்று வேண்டும். சர்வரிலிருந்து பெட்டிக்குக் கம்பி. பெட்டியிலிருந்து ரூட்டருக்குக் காற்று. ஆனால் இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண வைஃபையில், தன்னிடம் பதிவு செய்த கருவியின் மேக் முகவரியை மட்டுமே ரூட்டர் ஏற்கும். பெட்டியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சர்வரை அதற்குத் தெரியாது. வீட்டுக்காரர் பெயர் மட்டும் தெரிந்த தபால்காரர், குடித்தனக்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற கதைதான். ஆகவே இரு முனையிலும் 'டபிள்யூ.டி.எஸ்.' வசதியுள்ள கருவிகளை வாங்குங்கள். பெட்டியை ரூட்டர் மோடில் விட்டுவிட்டால் சர்வர் இன்டர்நெட்டுக்குப் போகும். ஆனா கீழ் வீட்டுல இருந்து யாரும் அதுகிட்ட போக முடியாது!

இன்னும் இரண்டு. சர்வருக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை ரூட்டரில் ஒதுக்கி வையுங்கள். முதலில் சர்வரை ரூட்டர் பக்கத்திலேயே வைத்து, கம்பியில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடிய பிறகு பிரிட்ஜைப் போடுங்கள். தவறு எந்தப் பக்கம் என்பது உடனே தெரிந்துவிடும்.

வீட்டு மாடி இருக்கட்டும்; இதே வைஃபை ஊர் விட்டு ஊர் போன கதை நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களைக் கோபுர ஆன்டெனாக்கள் வழியாக மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்து நோயாளி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி வகுத்ததும் 2005-இல்தான்.

அங்கே அவர்களை அதிகம் படுத்தியது எது தெரியுமா? காற்று இல்லை, கரண்ட்! மின்னழுத்தம் திடீரென்று ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டுப்போயின. 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை அவர்களே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

அத்திப்பட்டு, வல்லூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு எர்த்திங் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும். சர்வர், பிரிட்ஜ், ரூட்டர் மூன்றுக்கும் யு.பி.எஸ். கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், கரண்ட் போன நேரத்தில் சங்கிலி நடுவில் அறுந்துவிடும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரை ஒரு மாணவருக்குக் கொடுங்கள். கூடவே ஒரு சின்ன யு.பி.எஸ்.-ஸும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுங்கள். சர்வரைத் தானே கட்டி, தானே கெடுத்து, தானே சரிசெய்கிற பிள்ளை, வேலைக்குப் போன முதல் நாளே யாரையும் எதிர்பார்க்காமல் கை வைக்கும்.