வேலை தேடிச் சென்ற பிள்ளை மோசடிக்கு ஆளாவது ஏன்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணைய மோசடி என்றதும் பணத்தைப் பறிகொடுத்தவர்களையே நாம் நினைக்கிறோம். அம்மோசடிக்குக் கருவியாக்கப்படும் இளைஞர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டனர். போலிப் பெயரில் அந்நியரோடு நட்புக் கொண்டு, கிரிப்டோ முதலீடு என்று ஆசை காட்டிப் பணம் பறிப்பதே அங்கே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுத் தமிழகம் திரும்பினர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்கக் கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது.

ஊரிலிருந்தபடியே சிக்குவோரும் உண்டு. 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, பணம் தருகிறோம்' என்பார்கள். ஏமாந்தவர் 1930 எண்ணில் புகார் செய்ததும் முடக்கப்படுவது அந்தக் கணக்குத்தான். காவல்துறை வந்து நிற்பதும் கணக்குக்குரியவனின் வாசலில்தான்.

இதற்குக் காரணங்கள் யாவை? பட்டம் பெற்றும் படிப்புக்கேற்ற வேலை இல்லை. வீட்டில் கல்விக்கடன், திருமணக் கடன். ஏஜெண்டுக்குக் கொடுத்ததும் கடன். ஆகவே வழியில் சந்தேகம் எழுந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மனம் துணிவதில்லை.

இவை பொருளாதாரக் காரணங்கள். சமூகக் காரணம் நம்மிடமே உள்ளது. சபுர் சென்று சம்பாதிப்பவனையே மதிக்கிறோம். ஊரில் சிறுகடை வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். ஆறே மாதத்தில் கார் வாங்கியவனிடம் 'பணம் எப்படி வந்தது?' என்று கேட்காமல், முன்வரிசையில் அமர்த்துகிறோம். இதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

வறுமை மோசடியை நியாயப்படுத்தாது. ஆயினும் பழி முழுவதையும் பிள்ளைகள் மீது சுமத்தி நாம் விலகிக்கொள்ளவும் இயலாது. அழைக்கும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரிப்போம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பாதிருப்போம். வங்கிக் கணக்கைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்று வீடுதோறும் சொல்வோம். சிக்கியவன் உண்மையைச் சொல்லி வந்தால், அவமானப்படுத்தாமல் சட்ட வழியில் துணை நிற்போம்.

குறைந்த வருமானமாயினும் நேர்மையாக உழைப்பவனுக்கு நம் மஹல்லாவில் முதல் மரியாதை கிடைக்கட்டும்.