கதையும் காணி உறுதியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரண்டு பரப்புக் காணி வாங்குவதானாலும் நாம் நொத்தாரிசிடம் போகாமல் உறுதி முடிப்பதில்லை. எல்லை எது, கிணற்றில் பங்கு உண்டா, வழிவாய்க்கால் எப்படி என்று நூறு கேள்வி கேட்கிறோம். ஆனால், ஏழை இளைஞன் ஒருவன் தன் வாழ்வையே கதையாக்கிப் படமெடுப்போரிடம் கொடுக்கும்போது, நீட்டிய கடதாசியை வாசியாமலே ஒப்பம் வைத்துவிடுகிறான். கதையும் ஒரு சொத்து என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1884இல் பிறந்த ஒஸ்கார் மிஷோ என்பவர், அடிமையாய்ப் பிறந்த ஒருவரின் மகன். ரயிலில் வேலை செய்தார். தென் டக்கோட்டாவில் நிலம் உழுதார். அவ்வாழ்வை 1917இல் ‘த ஹோம்ஸ்டெடர்’ என்னும் நாவலாக்கி, வீடு வீடாகச் சென்று விற்றார். லிங்கன் என்ற படக் கம்பனி கதையைக் கேட்டது. அதுவும் கறுப்பின மக்களே நடத்திய கம்பனி. “நம்மவர்தாமே” என்று மிஷோ கொடுத்துவிடவில்லை. படத்தைத் தாமே இயக்க வேண்டும் என்றார், பேச்சு முறிந்தது. அவர் சொந்தக் கம்பனி தொடங்கி, அயோவாவின் சூ சிற்றிப் பக்கத்துக் கமக்காரருக்குப் பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, 1919இல் படத்தை வெளியிட்டார். பின்னர் 1951இல் மறையும்வரை நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார் என்பர்.

ஏறக்குறைய நூறாண்டின் பின், கானா நாட்டுப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த மைக்கேலா கோல், தமக்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்நாடகமாக எழுதினார். நெற்பிளிக்ஸ் பத்து இலட்சம் டொலர் தர முன்வந்தது. பதிப்புரிமையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கேட்டார், இறுதியில் அரைப் பங்குக்கு இறங்கினார், அதுவும் கிடைக்கவில்லை. பணத்தை மறுத்தார். உரிமையை ஒப்புக்கொண்ட பி.பி.சி. மூலம் 2020இல் தொடர் வெளிவந்தது; மறு ஆண்டு அதன் எழுத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கும், பதிவு வேண்டியதில்லை. ஆனால் காவல் எழுதிய வடிவத்துக்கே. வெறும் எண்ணத்துக்கு அன்று. உரிமையைக் கைமாற்ற எழுத்தும் ஒப்பமும் வேண்டும். ஆதலால் ஒப்பமிடும் அந்த நிமிடமே எல்லாம்.

அன்பர்களே, காணியை விற்பது வேறு, குத்தகைக்கு விடுவது வேறு. கதையும் அப்படியே. ஒரு படத்துக்கு மட்டுமா, தொடருக்கும் பிறமொழிக்கும் சேர்த்தா? எத்தனை ஆண்டுக்கு? படம் எடுக்காவிட்டால் கதை திரும்புமா? திரையில் பெயர் வருமா? இவற்றைக் கேட்கத் துணிவு வேண்டும். பசித்தவனுக்கு அத்துணிவு எளிதில் வராது.

இங்கேதான் நம் கடமை இருக்கிறது. நம்மிடையே உள்ள சட்டத்தரணிகள் மாதம் ஒரு மாலை இத்தகைய ஒப்பந்தங்களை இலவசமாக வாசித்துச் சொல்லலாம். சங்கம் சிறு நிதியொன்று வைத்து, எழுதுபவன் அவசரப்பட்டு விற்காமல் சில மாதம் பொறுத்திருக்க உதவலாம். மிஷோவுக்குப் பங்கு வாங்கிய கமக்காரர் பெருஞ்செல்வர் அல்லர். பலர் கொடுத்த சிறு தொகையே ஒருவரின் கதையை அவர் கையிலேயே வைத்திருக்க உதவியது.

நாமும் அவ்வாறு செய்வோமாக.