சன்வைசரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

திருப்பூரில் வளர்ந்தவனுக்கு லேபிள் என்பது அபூர்வமான வஸ்துவன்று. கழுத்துப் பட்டியில் தைக்கும் மெயின் லேபிள், அதனருகே அளவைச் சொல்லும் சைஸ் லேபிள், விலாப்புறத் தையலுக்குள் ஒளிந்துகொண்டு துவைக்கும் விதத்தைப் போதிக்கும் வாஷ்கேர் லேபிள் என்று இந்தத் துண்டுத் துணிகளுக்காகவே இவ்வூரில் அச்சு இயந்திரங்களும் நாடாத் தறிகளும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று இடம் மாறிவிட்டால் கப்பலேறிய சரக்கே திரும்பிவரக்கூடும் என்ற பயம், செக்கிங் மேஜையில் கடைசியாக நிற்கும் பெண்ணுக்கும் உண்டு. அத்தகைய ஊரிலே, லேபிள் அச்சிடுவதையே ஜீவனமாகக் கொண்ட என் நண்பர் ஒருவர், சென்ற வருஷம் புதுக் கார் வாங்கி, கோயில் பூஜை முடிந்த கையோடு செய்த முதல் காரியம், முன்கண்ணாடிக்கு மேலே மடங்கித் தொங்கும் சன்வைசரில் கம்பெனி ஒட்டியனுப்பிய மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டைச் சுரண்டியதாகும். (இருக்கைகளைச் சுற்றிவந்த பாலிதீன் உறையை மட்டும் ஆறு மாதம் வரை அவர் தொடவில்லை, அது வேறு விஷயம்.)

ஹேர் டிரையரால் சூடு காட்டினார், நகத்தால் நெம்பினார், ஒன்றும் பலிக்காமற் போகவே, பனியனில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்கும் ஸ்பாட் கன்னையே கம்பெனியிலிருந்து வரவழைத்தார். சீட்டு போயிற்று, வைசரின் மேற்பரப்பும் அதனோடு வெளுத்துப் போயிற்று. "பாக்க அசிங்கமா இருக்குதுங்க, அதான் எடுத்துப் போட்டேன்" என்றார். அது எதற்காக அங்கே இருந்தது என்று கேட்டேன். "நம்ம வாஷ்கேர் மாதிரி ஏதோ சம்பிரதாயமுங்க" என்றார். அந்தச் சம்பிரதாயத்தின் சரித்திரத்தைத்தான் இன்று சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

1952 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், கடற்படையில் பணியாற்றிவிட்டு வந்த ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர், மனைவியும் ஏழு வயது மகளும் முன்னிருக்கையில் உடன் அமர்ந்திருக்க, உல்லாசமாகக் கார் ஓட்டிச் சென்றபோது, எதிர்ப்பட்ட ஒரு தடையைத் தவிர்க்கத் திடீரென்று வண்டியை ஒடித்துப் பிரேக்கை அழுத்த நேர்ந்தது. அந்தக் கணத்தில் தாயும் தகப்பனும் யோசியாமலே தங்கள் கைகளைக் குழந்தையின் முன்னே நீட்டித் தடுத்தார்கள். வீடு திரும்பிய ஹெட்ரிக்குக்கு, பெற்றவர் கை செய்த அந்த வேலையை ஓர் இயந்திரம் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் எழ, அழுத்திய காற்றால் சட்டென்று உப்பும் காற்றுப்பை (ஏர்பேக்) ஒன்றை வரைந்து, 1953 ஆகஸ்டில் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இத்தகைய சாதனத்துக்கு உரிமை பெற்றிருக்கிறார். எந்த மோட்டார்க் கம்பெனியும் அப்போது அவர்களைச் சீந்தவில்லை. 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் சில கார்களில் அதைப் பொருத்தி விற்று, பிறகு கைவிட்டது. 1980 வாக்கில் மெர்சிடஸ் பென்ஸ் மீண்டும் கையிலெடுத்தது. 1990களில்தான் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிற்று.

இங்கேதான் விதியின் விபரீதம் தொடங்குகிறது. சீட் பெல்ட் அணிய மறுக்கும் நடுத்தர உடலுள்ள ஓர் ஆண்பிள்ளையையும் அந்தப் பை தனித்தே காப்பாற்றியாக வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் நிபந்தனை விதித்திருந்தபடியால், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், அதாவது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள், மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அது வெடித்துப் புறப்படும்படி அமைக்க நேர்ந்தது. வளர்ந்தவன் மார்பில் விழும் அந்த அடி, குட்டைக் கழுத்துக் குழந்தையின் தாடையில் விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையின் முதுகோ, உள்ளே பச்சிளஞ்சிசுவின் தலை சாய்ந்திருக்கும் இடத்திலேயே, அந்தப் பையின் வாய்க்கு நேர் எதிரே நிற்கிறது. 1996 நவம்பருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் உயிர்ச்சேதம் நேரக்கூடாத சிறு மோதல்களில், அந்தப் பையாலேயே இறந்திருந்தார்கள். ஒரு தகப்பன் தன் மகளை எண்ணிச் செய்த சாதனம் அது. 1990 முதல் 2008 வரை முன்புறக் காற்றுப்பையால் நேர்ந்த மரணங்கள், பெரியவர்களையும் சேர்த்து, 290-க்கு மேல் என்று அந்நாட்டார் கணக்கிட்டிருக்கிறார்கள்; அவற்றில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் 1998-க்கு முன் செய்த வண்டிகளில் நேர்ந்தவை.

1996 நவம்பர் 27 அன்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட விதியிலிருந்துதான் இன்று நாம் காணும் சீட்டு பிறந்தது: மஞ்சள் தலைப்பில் கறுப்பு எழுத்து, குழந்தை இருக்கையின் படத்தின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், ஒட்டுமிடம் சன்வைசர். அவ்விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. டேஷ்போர்டில் ஒட்டுவதை வாங்கியவர் எடுத்துவிடலாம். வைசரில் ஒட்டுவது நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆகவேதான் அது என் நண்பரின் ஹேர் டிரையருக்கு மசியவில்லை. ஆயினும், விற்பவரும் பழுது பார்ப்பவரும் பாதுகாப்புச் சாதனங்களைக் குலைக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம், சொந்தக்காரரின் கையைப் பிடிப்பதில்லை. அவர் தம் புத்திக்கு விடப்பட்டிருக்கிறார்.

இதே 1996-இல் மாறிய இன்னொரு அமெரிக்க விதியின் வழியே, இதே மஞ்சள், நம் திருப்பூர் வரை நீண்டது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றக் கூடாது என்று வெகுநாளாக இருந்த அமெரிக்க விதி, அவ்வாண்டில் தளர்ந்து, உடலை ஒட்டிய உடைக்கு, பருத்திப் பின்னலாடை உட்பட, விலக்கு அளித்தது. தளர்ந்த துணியே எளிதில் தீயை எட்டிப் பிடிக்கும் என்பது அதன் நியாயம். பிறகு, அத்தகைய உடையில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்க வேண்டும் என்றும், இது தீயைத் தாங்காது, உடலை ஒட்டியே அணிய வேண்டும் என்று அதில் கறுப்பெழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்த அட்டையைக் கோத்த, உதவியாள் வேலை பார்க்கும் கைமடிப் பெண்களும் அதை அச்சிட்ட என் நண்பரைப் போன்றவர்களும் இவ்வூரில் உண்டு. தாம் அச்சிட்ட மஞ்சளில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தூக்கம் வராத மனிதர், பிறர் அச்சிட்ட மஞ்சளைச் சுரண்டியதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; இவ்வூர்க் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சரக்கு விற்கும் கடைகளில் மெயின் லேபிளின் குறுக்கே கத்தரி ஓட்டிய சட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை.

நம் நாட்டிலோ, காற்றுப்பை வெகுகாலம் பணக்காரர் வண்டியின் அலங்காரமாகவே இருந்தது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கும், 2021-இல் தொடங்கி அருகில் அமர்பவருக்கும் கட்டாயமாயிற்று. அதாவது, தாயின் மடி இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே பை வந்து சேர்ந்து சில வருஷங்களே ஆகின்றன. ஆனால் சீட்டு பேசுவது, நான் பார்த்த வண்டிகளில் எல்லாம், ஆங்கிலம். தமிழில் ஒரு வரியில்லை. படிக்க இயலாத சீட்டை அழுக்கு என்று எண்ணுவது இயல்பே. சட்டமும் கண்ணாடியில் ஒட்டியதை எடுக்கச் சொன்ன சந்தர்ப்பம் உண்டு: 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடுத்தபின், போலீஸாரே சாலையில் நின்று அதை உரித்ததை ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். ஒட்டுவதிலும் உரிப்பதிலும் எது விதி, எது விருப்பம் என்று யார்தான் வகைப்படுத்திச் சொன்னார்கள்?

ஆகவே, சீட்டை எடுத்தது பெரிதல்ல என்றே நான் கருதுகிறேன். அவினாசி சாலையில் மாலை வேளையில் நின்று பார்த்தால் முன்னிருக்கையில் தாயின் மடிமேல் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டு வரும் குழந்தைதான் பெரிது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இன்று மாலை வண்டியில் ஏறியதும் வைசரை இறக்கிப் பாருங்கள். சீட்டு இன்னும் இருக்குமானால், அந்தப் படத்தை உங்கள் குழந்தைக்கே காட்டி, பின் இருக்கையில் உட்காரச் சொல்லிப் பெல்ட்டை மாட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு சுரண்டுவதானால் சுரண்டுங்கள். ஸ்பாட் கன் மட்டும் வேண்டாம், வைசர் வெளுத்துவிடும்.