மலையிறங்கும் கூலி
(ஜவ்வாது மலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளியூர் வேலை நல்லதா, உள்ளூர் வேலை நல்லதா என்று கேட்கிறீர்கள். குடகுக் காப்பித் தோட்டத்துக்கும், கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஆசைப்பட்டா போகிறீர்கள்? சாமை அறுத்து முடிந்தால் மலையில் கூலி இல்லை; போகிறீர்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்குப் பார்க்கச் சொல்லவே வந்தேன்.

மேஸ்திரி சொல்லும் நாள் கூலி பெரிதாகத்தான் இருக்கும். பஸ் சார்ஜைக் கழியுங்கள். மேஸ்திரியின் கமிஷனைக் கழியுங்கள். மழையில் வேலை நின்ற நாளையும், காய்ச்சலில் படுத்த நாளையும் கழியுங்கள். கூட வந்த பிள்ளையின் படிப்பு நின்றதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? மிச்சம் நிற்பதுதான் உங்கள் கூலி. அதை வைத்து உள்ளூர்க் கூலியோடு ஒப்பிடுங்கள்.

இதில் முன்பணம்தான் பொல்லாதது. கலியாணத்துக்கும் வைத்தியத்துக்கும் கை நீட்டி வாங்கிவிட்டால், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்க வாய் வராது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிகள் நம்மவரைக் கட்டிய கயிறும் இதுதான். தொழிலாளியின் கடனை ஒரு ‘துண்டு’ச் சீட்டில் எழுதி வைப்பார்கள், அதைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921ல் துண்டை ஒழித்தார்கள். முன்பணம் ஒழியவில்லை. செம்மரத் தரகர்களும் அதோடுதான் மலையேறி வந்தார்கள். 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. இந்த மலையின் பிள்ளைகளும் அதில் உண்டு. கட்டையை விற்றுக் கோடி சேர்க்கும் பெரிய வியாபாரி ஒருவனும் அந்த இருபதில் இல்லை.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மலையிலிருந்து வந்தவன் குறைந்த கூலிக்கு நிற்கிறான் என்று கோபிக்காதீர்கள். முன்பணம் அவன் கழுத்தில் கிடக்கிறது. அவனைச் சங்கத்தில் சேருங்கள்.

சரி, ஊரிலேயே இருந்தால் சோறு எங்கே? காவலூரில் 1986ல் பெரிய தொலைநோக்கி வைத்தார்கள். சர்க்காருக்கு இங்கிருந்து நட்சத்திரம் தெரிகிறது, நம் அடுப்பு தெரிவதில்லை! உழுகிற நிலம் நம்முடையது என்றானால்தான் தரகனிடம் ‘வரமாட்டேன்’ என்று சொல்லத் தைரியம் வரும். 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழுகிற அளவுக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்கிறது. அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். புருஷன், பெண்சாதி இருவர் பெயரிலும் பட்டயம் எழுத வேண்டும் என்பதும் சட்டம்தான். மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்காமல் யாரும் வீடு திரும்பாதீர்கள்.