மாசம் ஒரு கிலோ போதும்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழு ஆற்றிய உரை)



உடம்பு நிறையைக் குறைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் பின்னால் சிலர் சிரிப்பது கேட்கிறது. சிரிப்பு நியாயம்தான். நிறை குறைந்த பிள்ளைகளையும் இரத்தம் குறைந்த தாய்மாரையும் பற்றித்தான் இத்தனை காலமும் பேசி வந்தோம். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஆனால் அதே லயத்தில், அதே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிற இன்னொருவருக்கு நிறை கூடி, சீனி வருத்தமும் பிரஷரும் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யாருக்கு நிறை கூடுகிறது? பெரும்பாலும் மலையை விட்டு இறங்கியவர்களுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற அம்மா, ஸ்டோரில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிற தம்பி, கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வந்தவர். கூடையோடு ஏறி இறங்கின காலத்தில் மூணு ரொட்டி தேவைப்பட்டது. மலை வேலை நின்றுவிட்டது, ரொட்டிக் கணக்கு மாறவில்லை. மிஞ்சுவது வயிற்றைச் சுற்றிச் சேருகிறது.

ஒரு டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல், ஆண்களுக்கு 90க்கு மேல் இருந்தால் கவனம் தேவை. 150 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு 42 முதல் 52 கிலோ வரை நல்ல நிறை.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு தோட்டத்தில் 70 கிலோ இருந்தவர்களிடம், “ஒரு மாசத்தில் 5 கிலோ குறைத்துக்கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினோம். ஒரு அக்கா காலையில் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு ஸ்டோருக்குப் போய், தூள் சலிக்கிற இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். அவர் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர். வேறு சிலர் ஒரு கிலோதான் குறைந்தது என்று வெட்கப்பட்டு அடுத்த கிளினிக்குக்கு வரவே இல்லை. ஒரு கிலோ குறைந்ததே வெற்றி என்று நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிழை அவர்களுடையது அல்ல, எங்களுடையது.

ஆகவே இலக்கைச் சின்னதாக வைப்போம். முதல் இலக்கு, இப்போதுள்ள நிறையில் நூற்றுக்கு 5 பங்கு. 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ. மாசம் ஒரு கிலோ வீதம் குறைத்தால் நாலு மாசத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு குறைந்தாலே சீனியையும் பிரஷரையும் கட்டுப்படுத்த உதவும். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம். பட்டினி கிடந்து குறைத்தது திரும்பி வந்துவிடும்.

எங்கே தொடங்குவது? தேத்தண்ணிக் கோப்பையில் தொடங்குவோம். நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டி சீனி என்று வையுங்கள். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். நாளைக்கு 60 கிராம், மாசத்துக்கு 1800 கிராம். ஒரே ஆளுக்கு இவ்வளவு! உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் குடித்தாலும் சீனி சீனிதான். அதைப் பாதியாக்கினால் மாசம் 900 கிராம் சீனிக்கான காசு மிச்சம். மற்றச் சாப்பாடு கூடாமல் இருந்தால் உடம்பிலும் மாசம் அரைக் கிலோ அளவுக்குக் குறையலாம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இந்தக் கிழமை ரெண்டு கரண்டி ஒன்றரையாகட்டும், அடுத்த கிழமை ஒன்றாகட்டும்.

அடுத்தது ரொட்டி. மூணுக்குப் பதிலாக ரெண்டு சாப்பிட்டு, மூணாவதின் இடத்தில் பருப்பும் கீரையும் வையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முள்ளங்கி இலை, கோவா, போஞ்சி எல்லாம் நம்ம பக்கத்திலேயே விளைகிறது. சோற்றுக் கோப்பையில் பாதி மரக்கறி இருக்கட்டும். எண்ணெயில் பொரித்ததையும் பனிஸையும் தினமும் வாங்காமல் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடை. நாளைக்கு 30 நிமிஷம், கிழமைக்கு 5 நாள். முதலில் 10 நிமிஷத்தோடு தொடங்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். மழை நாளில் இஸ்தோப்பில் ஒரு பங்கில் உட்கார்ந்து எழும்புங்கள், பத்துத் தரம். காலை முதல் மாலை வரை கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இந்த நடை தேவையில்லை. அவர்களுக்குத் தேவை நல்ல சாப்பாடும் ஓய்வும்தான்.

கொழுந்தை நாளைக்கு மூணு தரம் நிறுப்பார்கள். உடம்பை மாசத்தில் ரெண்டு தரம் நிறுத்தால் போதும். ஒரே தராசு, ஒரே நேரம். கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு தரம் கூடிவிட்டால் மனம் தளர வேண்டாம், அடுத்த தரம் பார்ப்போம்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கிற தாய்மாரும் நிறை குறைக்க முயலக் கூடாது. பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டையும் விடாதீர்கள். முயற்சி செய்யாமலே நிறை குறைந்து, தாகமோ, அடிக்கடி சிறுநீர் போவதோ, விடாத இருமலோ இருந்தால் அது நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகமாக இருந்தாலும் 35 வயது தாண்டியவர்கள் நிறை, பிரஷர், சீனி மூன்றையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வது நல்லது.

அன்றைக்கு மயங்கி விழுந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். “கோபம் இல்லீங்க, செய்யக்கூடியதைச் சொல்லுங்க, செய்றேன்” என்றார். இன்று நாங்கள் சொன்னது அவ்வளவுதான். நாளைக் காலைத் தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனியைக் குறையுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.