ஏரிக்கரை காப்பது யார் கடன்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் எனக்கு வேறொரு பொருளைத் தந்தார்கள். பருவநிலை மாறி வருவதைப் பற்றி மக்கள் என்ன எண்ணுகின்றனர், அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நமக்கு இது தொலைவில் உள்ள செய்தி அன்று. நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் செய்தி.

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் எனத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகின்றது. அந்த எல்லைக்காக நம் முன்னோர் நெடுநாள் வழக்காடினர். 1911-ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

நிலத்தின் மீது கோடுகள் இவ்வாறு மாறி மாறி எழுதப்பட்டன. நீரோ அந்தக் கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவா பொன்னையாற்றில் கலந்து பாலாற்றை அடைகின்றது. நகரியாறு கொசத்தலையாற்றோடு கூடிப் பூண்டி ஏரிக்குச் செல்கின்றது. பிச்சாட்டூரில் தேங்கி வழியும் ஆரணியாறு தமிழ்நாட்டு வயல்களைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் செல்கின்றது. மறுபுறம், 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தெலுங்கு கங்கைத் திட்டத்தின் வழியே கிருஷ்ணை நீர் ஆந்திர மண்ணைக் கடந்து சென்னை மக்களின் குடத்தை நிரப்புகின்றது. மலை யாருக்கு உரியது என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மலைமீது பெய்யும் மழைக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கின்றது.

அன்பர்களே, 2021 நவம்பர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வங்கக் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் ஒன்று 19-ஆம் நாள் அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகத் திருமலையிலும் அதன் அடிவாரத்திலும் வானம் பிளந்தாற்போல் மழை கொட்டிற்று. மலைச்சாலையில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஸ்ரீவாரி மெட்டு வழியின் படிகள் சிதைந்தன. அவ்வழி 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர்ணமுகி கரைபுரண்டது. அதே 19-ஆம் நாள் கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து, ஆற்றோரத்து ஊர்களில் பல உயிர்கள் மாண்டன. பொன்னையும் பாலாறும் பெருகி வேலூர்ப் பக்கத்து மக்களை வெருட்டின.

திருப்பதிக்கு அருகே இராமச்சந்திராபுரம் வட்டாரத்தில் இராயலசெருவு என்னும் பெரிய ஏரி உண்டு. விஜயநகர வேந்தர் காலத்தது என்று ஊரார் கூறுவர். அவ்வேரி நிரம்பி, கரையில் நீர் கசியத் தொடங்கியது. தாழ்வான ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். கசிவை அடைக்க மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. நல்வினைப் பயனாகக் கரை தாங்கியது. தாங்காமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது.

வெள்ளம் வடிந்த பின்னர் ஊரார் பேசிய பேச்சுக்களை நாம் அனைவரும் கேட்டோம். கலி முற்றிவிட்டது, இது தெய்வத்தின் சீற்றம் என்றார் ஒருவர். சர்க்கார் உறங்கிக்கொண்டிருந்தது என்றார் மற்றொருவர். ஏரியையும் கால்வாயையும் மனைகளாக்கி விற்றவனைப் பிடியுங்கள் என்றார் வேறொருவர். செய்தித்தாள் படிக்கும் நண்பரோ, “புகையை விட்டவன் அமெரிக்கன், நனைந்தவன் நான்” என்றார். இவர்களுள் எவரையும் முழுவதும் மறுக்க என்னால் இயலாது. ஆயினும் நால்வர் கூற்றிலும் ஒரு பொதுச் செய்தி உண்டு. பொறுப்பாளியைத் தேடிப் புறப்பட்ட நால்வரும் தத்தம் வீட்டைத் தாண்டித்தான் தேடத் தொடங்கினார்கள்.

நாடு முழுவதும் மக்கள் கருத்து என்ன? யேல் பல்கலைக்கழகத்தாரும் சிவோட்டர் நிறுவனத்தாரும் 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை இந்தியாவில் 4,619 பேரிடம் இது பற்றி வினவினர். நம் ஊரில் வெள்ளம் வந்ததும் அந்த இடைக்காலத்தில்தான். புவி வெப்பமாதல் பற்றிச் சிறிதே அறிவோம், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 54 பேர். அதன் பொருளை எடுத்துரைத்த பின், ஆம், அது நிகழ்ந்து வருகின்றது என்று ஒப்பியவர்கள் 84 பேர். மனிதர் செயலே பெரிதும் காரணம் என்றவர்கள் 57 பேர். இயற்கையின் மாறுதலே காரணம் என்றவர்கள் 31 பேர். பெயரை அறியாதவர்களும் நோயை உடம்பில் உணர்ந்திருக்கிறார்கள் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. ஐப்பசி மழை எப்படிப் பெய்யும், மாமரம் எப்போது பூக்கும் என்பதைத் தந்தையிடம் கற்ற சித்தூர் உழவனுக்கு, அந்தக் கணக்கு பிழைத்துவிட்டது என்று பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, புவியின் வெப்பத்தை வெளியே போக விடாமல் போர்வைபோல் தடுக்கின்றது. இதை 1896-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைச் சுமக்க வல்லது. சுமந்ததை எங்கேனும் இறக்கத்தானே வேண்டும்? இறக்கும்போது அது தூறலாக இறங்குவதில்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் மேலைநாட்டில் நடப்பது என்று எண்ண வேண்டாம். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. 1,024 அலைவாங்கிகளைக் கொண்ட பெரிய ராடார் ஒன்று வானை நோக்கிக் காற்றின் போக்கை அளந்து வருகின்றது. பேருந்தில் எத்தனையோ முறை நாம் அவ்வூரைக் கடந்திருப்போம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரு மழையை மட்டும் எடுத்துக்கொண்டு, இது முழுவதும் பருவநிலை மாற்றத்தின் விளைவே என்று சாதிப்பது அறிவியல் முறை அன்று. வெள்ளத்துக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை வானத்தில் இருக்கின்றது. மற்றொரு கை நிலத்தில் இருக்கின்றது. வெப்பம் கூடிய வானம் பெருமழைக்கு வாய்ப்பைப் பெருக்குகின்றது. தூர்ந்த கால்வாயும், மறைந்த கலிங்கும், மனையாகிப்போன ஏரியும் அம்மழையை வெள்ளமாக்குகின்றன. வானத்துக் கைக்கு உலகம் பொறுப்பு. நிலத்துக் கைக்கு நாம் பொறுப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வெள்ளத்துக்கே துணை செய்வதாகும்.

பொறுப்பை எந்த அளவுகோலால் பங்கிடுவது? இதற்கு வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. குடிமராமத்து என்னும் சொல்லை முதியோர் அறிவர். ஏரிநீர் பாயும் நிலத்தை உடையவர்கள், தத்தம் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆளும் உழைப்பும் தந்து கரையையும் கால்வாயையும் பேண வேண்டும் என்பது அந்த வழக்கம். நிலம் மிகுந்தவனுக்குப் பங்கு மிகுதி. காணி நிலம் உடையவனுக்கு அதற்குத் தக்க பங்கு. கரை உடையும் தறுவாயில் எவனும் விலகி நிற்க இயலாது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு இதற்குச் சட்டமே இயற்றினர். இந்தச் சித்தூர்ச் சீமையும் அம்மாகாணத்தில் அடங்கியதே. அதற்கும் முன்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

பழமையைப் புகழ்ந்து பாடுவது என் நோக்கம் அன்று. அந்த முறையிலும் குறை இருந்தது. பல ஊர்களில் நிலம் உடையவன் கரையில் நின்று ஏவினான். நிலமே இல்லாத ஏழை சேற்றில் இறங்கி மண் சுமந்தான். பயன் ஒருவனுக்கு, பளு மற்றொருவனுக்கு என்ற அந்த அநீதியை நாம் மீண்டும் கொண்டு வரலாகாது. விதி நல்லது, அதை நேர்மையாக நடத்த வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இந்த அளவுகோலை உலகின்மீது வைத்துப் பார்ப்போம். 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஒரு நெறியை ஒப்புக்கொண்டன. பொறுப்பு எல்லார்க்கும் பொது. ஆனால் அதன் அளவு நாட்டுக்கு நாடு வேறு என்பது அந்நெறி. இது உலகளாவிய குடிமராமத்து அன்றி வேறென்ன? அமெரிக்கர் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவர் வெளியிடுவது ஏறத்தாழ 2 டன். ஆதலின் பெரும்பங்கைச் செல்வ நாடுகள் சுமக்க வேண்டும் என்று நம் நாடு வாதிடுவது முறையே. நம் மலைப்பாதை சரிந்த அதே 2021 நவம்பர் மாதத்தின் தொடக்கத்தில்தான், கிளாஸ்கோ மாநாட்டில், 2070-ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம் என்று இந்தியா உறுதி கூறியது.

ஆனால் அளவுகோலைக் கடலுக்கு அப்பால் மட்டும் நீட்டிவிட்டு, நம் தெருவுக்கு வந்ததும் மடக்கி வைப்பது நேர்மை ஆகாது. இந்தியரின் சராசரி 2 டன் என்னும்போது, அதில் குளிர்சாதன அறையில் உறங்கி, இருவர் செல்ல இரண்டு கார் வைத்திருப்பவரும் அடக்கம். மின்விசிறி ஒன்றும் விளக்கு இரண்டும் கொண்ட குடிசையாரும் அடக்கம். ஏழையின் குறைவைக் கூட்டிக் காட்டி, அந்தச் சராசரியின் நிழலில் செல்வர் ஒதுங்கிக்கொள்ளலாமா? 2021-இல் சுவர்ணமுகிக் கரையோரத்தில் உடைமையை இழந்தவர்களும், மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைத்துவிட்டு வானத்தை நோக்கும் சிறு உழவர்களும் இந்தப் புகையில் மிகச் சிறு பங்கே உடையவர்கள். அவர்கள் பட்ட துன்பமோ பெரும் பங்கு. சேற்றில் இறங்கிய அந்தப் பழைய ஏழையின் நிலைதான் இது.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிழைப்பு நாடி வந்தவர்கள், ரயில்வேயில் பணியாற்றுபவர்கள், வணிகர், ஆசிரியர் எனப் பலராக இங்கு வாழ்கிறோம். நம்மில் பலர் மனை வாங்கி வீடு கட்டினோம். வாங்கும்போது பட்டாவைப் பார்த்தோம், திசையைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம். மழைநீர் அவ்வழியே முன்பு எங்கே சென்றது என்று கேட்டவர் எத்தனை பேர்? “நாம் வந்து குடியேறியவர்கள்தாமே, ஊர்க் காரியம் நமக்கு எதற்கு?” என்னும் பேச்சும் நம்மிடையே உண்டு. இந்த ஊரின் நீரைக் குடிப்பவன் எவனும் இந்த ஊரின் கரைக்குக் கடன்பட்டவனே. மேலும், இங்கே நாம் கால்வாயைக் காத்தால் அந்நீர் பொன்னை வழியாகவும் ஆரணியாற்றின் வழியாகவும் நம் உறவினர் வயலுக்கே போய்ச் சேருகின்றது.

செய்து காட்டியவர்களும் இங்கேயே உண்டு. திருமலையில் 2002-ஆம் ஆண்டிலேயே சூரிய வெப்பத்தால் நீராவி எழுப்பி அன்னதானத்துக்குச் சமைக்கும் அமைப்பை நிறுவினார்கள். 2022-இல் பிளாஸ்டிக் பொருள்களை மலைமீது தடை செய்தார்கள். அதே ஆண்டில் மலைச்சாலையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பெரிய நிறுவனம் பெரிய பங்கைத் தர வேண்டும் என்பதற்கு இவை நல்ல தொடக்கம்.

நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னர், தெலுங்கு நண்பர்களோடு சேர்ந்து, அருகிலுள்ள ஏரி ஒன்றின் வரத்துக் கால்வாயைப் பார்வையிட்டு, அடைப்பு இருந்தால் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிப்போம். நம் கையால் ஆவதை நாமே செய்வோம். இரண்டாவது, அதற்கான செலவுக்கு ஒரே அளவில் சந்தா வேண்டாம். வருவாய் மிகுந்தவர் மிகுதியாகவும், குறைந்தவர் குறைவாகவும் தரட்டும். மூன்றாவது, வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சியினராயினும், ஏரிகளுக்கும் கலிங்குகளுக்கும் என்ன செய்தீர்கள் என்று கணக்குக் கேட்போம். உத்தரமேரூரார் கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம்.

இவற்றால் உலகத்தின் வெப்பம் தணிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியை விட்டு நாடுகள் விலகினாலன்றி அது தணியாது. அது அரசுகளும் பெருந்தொழில்களும் செய்ய வேண்டிய வேலை. ஆயினும், தன் பங்கைச் செலுத்தியவன் கேட்கும் கணக்குக்கு வலிமை உண்டு. தன் வாய்க்காலை அடைத்து வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு மறுமொழி சொல்ல எவரும் அஞ்ச மாட்டார்.

அடுத்த பெருமழை எந்த ஆண்டில் வரும் என்பதை யாரும் அறியோம். வரும் என்பதை மட்டும் அறிவோம். அதற்கு முன்னர் நம் பங்கு மண்ணைக் கரையில் இடுவோம்.